இடது பக்க பிரேக்

சம்பந்தி விருந்துக்கு ஆட்டுக்கறி வந்து இறங்கிய காலையில்தான் அகல்யா தன் பைக்கைத் தொட்டாள். தொட்டதும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இடது கைப்பிடியில் கட்டைவிரலுக்கு வாகாக இருந்த ஆக்சிலேட்டரைக் காணோம். கிளட்சுக்கு மேலே இருந்த பிரேக் லீவரையும் காணோம். இரண்டும் வலது பக்கம் போயிருந்தன. ஷோரூமில் இருந்து நேற்று இறக்கின மாதிரி வண்டி நல்ல பிள்ளையாக நின்றது.

அகல்யாவுக்கு வலது கையில் விரல்கள் கிடையாது. நான்கு வருடத்துக்கு முன் கதிரடிக்கும் இயந்திரம் வாங்கிக்கொண்டது. அதோடு கல்யாணப் பேச்சும் போனது. போனால் போகட்டும் என்று அதை விட்டுவிட்டாள், வண்டியை மட்டும் விடவில்லை. காரைக்குடியில் முத்துக்கண்ணன் பட்டறையே கதியென்று கிடந்து, ஆக்சிலேட்டர், முன் பிரேக், ஸ்டார்ட்டர் என்று வலது கைக்கு இருந்ததையெல்லாம் இடது கைக்குக் கொண்டுவந்தாள். அந்த வண்டியில்தான் ஊர் ஊராகப் போய், சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்கிற வேலை பார்க்கிறாள். அரண்மனை மாதிரி வீடுகளில் ஒற்றை ஆளாகக் கிடக்கிறவர்கள் அவள் வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்திருப்பார்கள். வண்டி இல்லையென்றால் அவளுக்கு வேலை இல்லை. இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அன்றைக்கு அவளை லீவு போடச் சொல்லியிருந்தாள் அம்மா மலையம்மாள். பின்கட்டில் அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். அகல்யாவும் சரியென்று லீவு போட்டிருந்தாள். ஆனால் கண்டனூரில் லட்சுமணன் என்கிற பெரியவருக்கு மாத்திரை தீர்ந்துவிட்டதாகப் போன் வந்தது. பந்தி போடுவதற்குள் ஓடிப் போய்க் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் சாவியை எடுத்தாள்.

அம்மா வெங்காயம் உரித்தபடியே விஷயத்தைச் சொன்னாள். நேற்று அகல்யா ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போயிருந்தபோது மாப்பிள்ளை சாவி கேட்டாராம். மாப்பிள்ளை கேட்டு இல்லையென்றா சொல்ல முடியும்? அவருக்கு இடது கையால் ஓட்ட வரவில்லையாம், அதனால் மாற்றிவிட்டாராம். விருந்து முடிந்ததும் பழையபடி மாற்றிக்கொண்டால் போயிற்று, இதற்குப் போய் எதற்கு இந்தக் குதி என்றாள். குரலை வேறு தாழ்த்தச் சொன்னாள். மாப்பிள்ளை சதீஷ்குமார் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். தங்கை கிருத்திகாவைக் கட்டி இரண்டு மாதமாகிறது. அவர் தூங்கினால் அந்த வீட்டில் மிக்சிகூட ஓடாது.

"என் கையை வெட்டிக் குடுத்துட்டு, தையல் போட்டுக்கலாங்கிறியா?" என்று அகல்யா தாழ்த்தாத குரலிலேயே கேட்டுவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள்.

இடது கையால் பிடித்து, வலது முழங்கையை ஊன்றி, மெயின் ரோட்டில் இருக்கிற பட்டறை வரைக்கும் தள்ளினாள். எதிரே வந்தவர்களெல்லாம் பெட்ரோல் இல்லையா என்று விசாரித்தார்கள். ஒருவர் தள்ளிவிடட்டுமா என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு நல்ல மனுஷர்களையும் கடித்துத் துப்பலாம் போலிருந்தது.

முத்துக்கண்ணன் அவளைப் பார்த்ததும் ஸ்பானரைத் தேடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டார். நிமிரும் வரைக்கும் அவள் நின்றாள்.

"இல்ல தங்கச்சி, உங்க வீட்டு மாப்பிள்ளைதானே வந்து சொன்னாக."

"வண்டி யாருதுண்ணே? இதுக்கு எந்தக் கைன்னு உங்களுக்குத் தெரியாது? எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டீகளா?"

அவர் மறுபடி குனிந்து ஸ்பானரை எடுத்தார். மாப்பிள்ளை என்ற ஒரு சொல்லுக்கு ஊரே வாயைப் பொத்திக்கொள்ளுமா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இந்தக் கையை அளந்து, இந்தக் கட்டைவிரலுக்கு எது எட்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தவர் அவர். அவரே அவிழ்த்திருக்கிறார். அவிழ்த்ததோடு விட்டாரா, ஹெட்லைட் கூட்டைத் திறந்தால் இடது பக்கம் வந்த வயர்களையெல்லாம் ஒட்ட நறுக்கி டேப் சுற்றியிருந்தார். பழைய லீவர்கள் ஒரு பாலித்தீன் பையில் கிடந்தன. அதுவரைக்கும் புண்ணியம்.

சாயங்காலம் வா என்றார். அவள் பட்டறை வாசலை மறித்து வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள். வேறு வழியில்லாமல் அவர் உட்கார்ந்தார். கேபிளை இடது பக்கம் இழுத்து மாட்டி, லீவர்களைப் பூட்டி, பிரேக் லைட் சுவிட்சுக்குப் புது வயர் ஓட்டினார். லீவருக்கு அடியில் இருக்கிற பொத்தான் அளவு சாமான்தான் அது. மாட்டி முடித்ததும் பின் லைட் பளிச்சென்று எரிந்தது. பிரேக்கைப் பிடித்தாலும் எரிந்தது, விட்டாலும் எரிந்தது. எரியத்தானே செய்கிறது, இப்போதைக்கு இருக்கட்டும் என்றார் அவர்.

"எந்நேரமும் எரிஞ்சா, நான் எப்ப நிக்கிறேன்னு பின்னால வர்ற லாரிக்காரனுக்கு எப்படித் தெரியும்? கழட்டுங்க."

அவர் மறுபடி கழற்றிக்கொண்டிருந்தபோது ஆட்டோவில் கிருத்திகா வந்து இறங்கினாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, கண்ணில் கலக்கம். மாப்பிள்ளை எழுந்துவிட்டாராம். அக்கா சத்தம் போட்டது காதில் விழுந்துவிட்டதாம். மரியாதை இல்லாத வீட்டில் எங்கம்மா வந்து கை நனைக்க வேண்டாம் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாராம். திருப்பூரிலிருந்து சம்பந்தி வீட்டார் பாதி வழி வந்துவிட்டார்கள். அக்கா வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும், அம்மாதான் சொல்லி அனுப்பினாள் என்றாள்.

வண்டியை அறுத்தது அவர், மன்னிப்பு நான் கேட்கவா என்று அகல்யா சீறினாள். கிருத்திகாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"ஒரு நாளைக்குத்தானேக்கா. அத்தை கண்ணுல பட்டுறக் கூடாதுன்னுதான்…"

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அகல்யா அவளையே பார்த்தாள்.

"எது?"

கிருத்திகா வண்டியைப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அக்காவின் கை விஷயம் அவருக்குத் தெரியும், அவர் வீட்டில் மற்றவர்களுக்குத்தான் தெரியாது. பெண் பார்க்க வந்தபோதே சொல்லவில்லை. இப்படியொரு வண்டி வாசலில் நின்றால் இது யார் ஓட்டுகிறது, ஏன் இப்படி என்று கேள்வி வரும். வந்தால், முதலிலேயே ஏன் மறைத்தீர்கள் என்று வரும்.

"அவரு பாவம்க்கா. நாந்தான் மாத்தச் சொன்னேன்."

அகல்யாவுக்குக் கல்யாணத்தன்று நடந்தது நினைவுக்கு வந்தது. மண்டபத்தில் சாமான் அறைச் சாவியை அம்மா அவளிடம்தான் கொடுத்தாள். பொறுப்பான ஆள் நீதான், அங்குட்டு இங்குட்டு நகராதே என்றாள். தாலி கட்டும்போதுகூட அவள் தேங்காய் மூட்டைகளுக்கு நடுவேதான் நின்றாள். தன்னை நம்பிக் கொடுத்தார்கள் என்று அதில் பெருமை வேறு பட்டிருந்தாள். இன்றைக்குப் பின்கட்டு அடுப்பும் அதே கதைதான். மாப்பிள்ளை மேல் இருந்த கோபமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. இது அம்மாவும் தங்கையும் சேர்ந்து அவளையே ஒளித்து வைத்தது.

முத்துக்கண்ணன் தலையை நிமிர்த்தாமல், சுவிட்சைச் சரி பண்ணியாகிவிட்டது, பின்னால் நின்று யாராவது லைட்டைப் பார்த்துச் சொன்னால் தேவலை என்றார். அகல்யா வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"கிருத்தி, பின்னால போய் நில்லு."

பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிருத்திகா ரோட்டில் போய் நின்றாள். போகிறவர் வருகிறவரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அகல்யா இடது கையால் பிரேக்கைப் பிடித்தாள். கிருத்திகா ஏதோ முணுமுணுத்தாள்.

"எனக்குக் கேக்கல. சத்தமாச் சொல்லு."

"எரியுதுக்கா."

பிரேக்கை விட்டாள். "இப்ப?"

"அணைஞ்சிருச்சு."

அகல்யா ஸ்டார்ட்டரை அழுத்தினாள். கிருத்திகா ஓடி வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் போய் என்னவென்று சொல்வது என்று கேட்டாள்.

"எங்கக்காவுக்கு வலது கையில விரல் இல்ல, மாத்திரை குடுக்கக் கண்டனூர் போயிருக்கு, பந்திக்குள்ள வந்துரும்னு உங்க அத்தைகிட்டச் சொல்லு. அவுக இலைக்கு நாந்தான் பரிமாறப் போறேன். எந்தக் கையாலன்னும் முன்னக்கூட்டியே சொல்லிரு."

கிருத்திகாவின் பிடி தளர்ந்தது. அகல்யா கட்டைவிரலை அழுத்த, வண்டி ரோட்டில் ஏறியது. கோபம் கொஞ்சமும் குறையவில்லை. குறையவும் வேண்டாம் என்று இருந்தது அவளுக்கு. பந்தி முடிகிற வரைக்கும் அது வேண்டும்.