காலை வெயிலில் வெள்ளைக் கூடாரம்

வெள்ளைத் துணியில் அடித்த கூடாரத்தைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. நடந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. மறந்துவிடு என்கிறார்கள். நான் எதற்கு மறக்க வேண்டும்?

என் பேர் அமலோற்பவமேரி. விழுப்புரத்தில் ஒரு சங்கத்தார் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஐம்பத்தெட்டாம் வருஷம், ஊர் ஊராகப் போய்க் கர்ப்பிணிப் பெண்களைச் சோதித்துப் பார்க்கும் முகாம் நடத்தச் சங்கத்தார் தீர்மானித்தார்கள். ஓர் ஊரில் மூன்று நாள், பிறகு அடுத்த ஊர். அதனால் பிரித்து, மடித்து, ஜீப்பில் போட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒரு கூடாரம் வேண்டியிருந்தது. அதைத் தேர்ந்தெடுக்க முகாம் அதிகாரி வேங்கடேசன் என்னையும் திண்டிவனத்துக்கு அழைத்துப் போனார். எதற்கு அழைத்தார் என்று இன்றுவரை விளங்கவில்லை. நான் சொன்ன ஒன்றையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

துரைக்கண்ணு என்பவருடையது, பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிற கடை. மூன்று வகை காட்டினார். பட்டாளத்து ஏலத்தில் எடுத்த காக்கிக் கித்தான் கூடாரம் ஒன்று. சுருட்டி வைக்கிற மூங்கில் தட்டிகள் நாலும் மேலே போட ஒரு தார்ப்பாயும் இன்னொன்று. மூன்றாவது, மெல்லிய வெள்ளைத் துணிக் கூடாரம். கால்களோடு சேர்த்து ஒரே மூட்டை.

"தட்டியே போதும் சார். நாலு பக்கமும் அடைச்சா மாதிரி இருக்கும்" என்றேன்.

"தட்டி கட்டி டூரிங் டாக்கீஸ் நடத்தப் போறமா? வெள்ளைன்னா சுத்தமா தெரியும்மா. பட்டணத்துலேர்ந்து சங்கத்துக்காரங்க போட்டோ புடிக்க வர்றாங்க."

"அப்போ காக்கியாவது எடுங்க."

காக்கியையும் எடுத்தார். ஆனால் ஆபீஸ் சாமான் வைக்க. ஆபீஸ் சாமான் என்றால் அவருடைய கட்டில், அவருடைய மேஜை, அவருடைய டிபன் கேரியர்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக் கூடாரத்தைக் கடைக்குப் பின்னால் கட்டிக் காட்டச் சொன்னேன். உள்ளே போய் நின்றுகொண்டு, வெளியே ஏதாவது தெரிகிறதா என்று கேட்டேன். "ஒண்ணுமே தெரியலம்மா. கல்லுசெவுராட்டம் இருக்குது" என்றார் துரைக்கண்ணு. அவர் பொய் சொல்லவில்லை. அப்போது மணி பன்னிரண்டு, சூரியன் உச்சியில் இருந்தது.

எங்கள் பக்கத்தில் கர்ப்பிணிகள் உச்சிவேளையில் வெளியே வரமாட்டார்கள். காத்து கருப்பு அண்டிவிடும் என்று வீட்டில் விடமாட்டார்கள். வந்தால் காலை இளவெயிலில் வருவார்கள், இல்லாவிட்டால் பொழுது சாய வருவார்கள். பதினாறு வருஷமாக அவர்களுக்குப் பிரசவம் பார்க்கிறவள், எனக்கு இது தெரியாதா? தெரிந்தும், அவர்கள் வரவே வராத நேரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினேன்.

முகாம் போட்ட ஊர் திருவக்கரைக்குப் போகிற வழியில் இருக்கிறது. பேரைச் சொல்லமாட்டேன். ஏரிக்கரை ஓரம் இரண்டு கூடாரமும் எழும்பின. வெள்ளைக் கூடாரத்துக்கு மேற்கே ஒரு புளியமரம். ஊர்ப் பெரிய மனிதர்கள் உட்கார அதன் அடியில் அதிகாரி பெஞ்சு போடச் சொன்னார்.

முதல் நாள் ஒரு பெண்ணும் வரவில்லை. வீடு வீடாக நானே போனேன். பாஞ்சாலியை அப்படித்தான் பார்த்தேன். இருபத்திரண்டு வயது. பெற்ற இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இப்போது எட்டாவது மாதம், முகம் உப்பியிருந்தது. பார்த்தவுடனே எனக்குப் பயமாகிவிட்டது. ஆனால் மாமியார் வெள்ளையம்மாள் அசையவில்லை.

"ஆம்பளைங்க நடமாடிக்கினு இருக்கிற எடத்துல எம் மருமவள எப்டிங்க படுக்க வைக்கிறது?"

"நாலு பக்கமும் மறைப்பு இருக்குதும்மா. ஒரு ஆம்பள கண்ணு படாது. மாதா மேல ஆணையா சொல்றேன்" என்றேன்.

அந்த ஆணையை நம்பி மறுநாள் காலை எட்டரை மணிக்கு மருமகளை அழைத்து வந்தாள். பாஞ்சாலியைக் கட்டிலில் படுக்கவைத்து, சேலையைத் தளர்த்தி, வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். கணுக்காலில் விரலை அழுத்தினேன். குழி விழுந்தது, எழும்பவில்லை.

"தலை நோவுதா?"

"ரெண்டு நாளா நோவுதுங்க. கண்ணும் மசமசன்னு இருக்குது."

பிள்ளைத்தாய்ச்சிக்கு வலிப்பு வருவதற்கு முன்னால் இப்படித்தான் இருக்கும். ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி அதிகாரியின் கூடாரத்தில் இருந்தது. எடுத்து வரலாம் என்று வெளியே வந்தேன்.

புளியமரத்தடிப் பெஞ்சில் ஆறு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. ஆறு ஆண்கள் ஒன்றாக உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்ததை நான் அதுவரை கண்டதில்லை. அவர்கள் பார்த்த திசையில் திரும்பினேன். கிழக்கு வெயில் கூடாரத்துக்குள் ஊடுருவி வந்து, இந்தப் பக்கத்துத் துணியில் பாஞ்சாலியின் நிழலைக் கன்னங்கரேல் என்று விழச் செய்திருந்தது. வயிறு, முழங்கால், மாராப்பை இழுத்து மூடுகிற கை, ஒன்று விடாமல் தெரிந்தது.

நான் போட்ட சத்தத்தில் வெள்ளையம்மாள் வெளியே ஓடி வந்தாள். துணியைப் பார்த்தாள். பெஞ்சைப் பார்த்தாள். பெஞ்சின் நடுவில் உட்கார்ந்திருந்தவர் பெரியசாமி, அவளுடைய புருஷனுக்கு அண்ணன். மூத்தார் எதிரே பெண்கள் நிற்கவும் மாட்டார்கள், பேசவும் மாட்டார்கள். கல்யாணம் ஆகி வந்த நாள் முதல் அவரிடம் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்றைக்கு நேரே போய் அவர் எதிரே நின்றாள்.

"உள்ள படுத்துக்கினு இருந்தது ஆருன்னு தெரியுமா மாமா? உங்க தம்பி மருமவ."

பெரியசாமி தலையைக் குனிந்துகொண்டார். "தெரியாது" என்றார்.

"தெரியாத பொண்ணா இருந்தா பாக்கலாமா?"

வெள்ளையம்மாள் மருமகளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு என்னைக் கடந்து போனாள். "மாதா மேல ஆணைன்னு சொன்னீங்களே நர்சம்மா" என்று மட்டும் சொன்னாள். அவள் என்னை அறைந்திருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது.

அதிகாரி காக்கிக் கூடாரத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் கையைக்கூட நிறுத்தவில்லை.

"நெழலத்தானேம்மா பாத்தாங்க? நேர்லயா பாத்தாங்க? இதப் போயி பெருசு பண்ணிக்கினு."

மேலதிகாரியை நான் அதுவரை எதிர்த்துப் பேசியதில்லை. அன்றைக்கும் அதிகம் பேசவில்லை. அவருடைய டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு போய் வெள்ளைக் கூடாரத்தில் வைத்தேன். "இனிமே உங்க ஆபீஸ் அங்கதான் சார். இது பொம்பளைங்களுக்கு வேணும்" என்றேன்.

"மேல எழுதிப்புடுவேன்."

"எழுதுங்க. எதுக்காக தூக்கினேன்னும் சேர்த்து எழுதுங்க."

அவர் எழுந்து கத்த ஆரம்பித்தார். அதற்குள் பெரியசாமி வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் மேஜையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வெள்ளைக் கூடாரத்துக்குப் போனார். திரும்பி வந்து கட்டிலையும் எடுத்தார். அதிகாரி இட்லித் தட்டோடு பின்னால் போக வேண்டியதாயிற்று.

நான் வெள்ளையம்மாள் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். பாஞ்சாலியின் காலில் விழுந்த குழியைப் பற்றிச் சொன்னேன். வெள்ளையம்மாள் மருமகளை உள்ளேயே இருக்கச் சொன்னாள். பிறகு தான் மட்டும் வந்தாள். என்னைக் காக்கிக் கூடாரத்துக்குள் நிற்கச் சொல்லி, வெளியே நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். துணியில் கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் மருமகளைக் கூட்டிவரப் போனாள்.

நான் திண்டிவனத்தில் செய்திருக்க வேண்டிய சோதனை அது.

ரத்த அழுத்தம் நான் பயந்ததைவிட அதிகமாக இருந்தது. இனி ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க முடியாது. ஜீப் வேண்டும் என்று வெளியே வந்தேன். பாஞ்சாலி திரும்பி வந்த சேதி பரவி, புளியமரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். பெஞ்சில் ஆண்கள் யாரும் இல்லை. பெண்கள் அத்தனை பேரும் வெள்ளைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் அதிகாரி சட்டையைக் கழற்றிவிட்டு, தொந்தியைத் தடவிக்கொண்டு, விரல் விரலாகச் சட்னியை நக்கிக்கொண்டிருந்தார். ஒருத்தி வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள். இன்னொருத்தியால் அடக்க முடியவில்லை.

சிரிப்புக் கேட்டு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். "என்னத்த பாத்துக்கினு நிக்கிறாங்க எல்லாரும்?"

"உங்க நெழலத்தான் சார்" என்றேன். "நேர்ல யாரும் பாக்கல."

அவர் திரும்பித் துணியைப் பார்த்தார். அவருடைய மேஜையும் டிபன் கேரியரும் அதில் கறுப்பாகத் தெரிந்தன. முகம் சிவந்துவிட்டது. ஜீப் வேண்டும் என்றேன். மறுபேச்சுப் பேசாமல் டிரைவரைக் கூப்பிட்டார்.

விழுப்புரம் போய்ச் சேரும்வரை பாஞ்சாலியின் தலை என் மடியிலேயே இருந்தது. மூன்றாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. எலிக்குஞ்சு மாதிரி இருந்தது, ஆனாலும் தங்கிவிட்டது. தாயும் பிழைத்தாள்.

முகாம் முடிந்ததும் அதிகாரி அறிக்கை எழுதினார். வெள்ளைக் கூடாரத்தின் துணி தரக்குறைவானது, அதனால் சிறு அசௌகரியம் நேர்ந்தது என்று அதில் இருந்தது. நானும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். பேனாவை வாங்கி, துணியைத் தேர்ந்தெடுத்தது நாங்கள் இருவரும், பெஞ்சை அதற்கு எதிரே போடச் சொன்னது அதிகாரி, உட்கார்ந்து பார்த்தது ஆறு ஆண்கள் என்று ஓரத்தில் எழுதிவிட்டு, அதன் கீழே என் பேரைப் போட்டேன்.