மூன்று எண்ணும் வரை

அன்று காலை ஐனோவின் தலையை வாரக் கூடாது என்று டார்லா முதல் நாளே முடிவு செய்துவிட்டாள். ஆனால் கை கேட்டால்தானே. இரண்டு தரம் சீப்பை எடுத்து, இரண்டு தரமும் திரும்ப வைத்தாள். வெளியே போகும்போது பிள்ளை பார்க்க லட்சணமாக இருந்தால் ஊர் கொஞ்சம் இரக்கம் காட்டும் என்பதை ஆறு வருஷமாக அனுபவத்தில் கற்றவள் அவள். சிக்குப் பிடித்த மஞ்சள் முடியோடு, நேற்றுக் குழம்பு சிந்திய ஸ்வெட்டரோடு, மகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வேலை ஒன்றே ஒன்றுதான். கழித்துப் போட்ட பள்ளிப் பேருந்தில் இருந்து வெட்டியெடுத்த ஒரு சீட் பெல்ட் பூட்டு. அதன் உலோக நாக்கை உள்ளே தள்ளினால் டக். சிவப்புப் பொத்தானை அமுக்கினால் டக். காலையில் கண் விழித்ததும் ஆரம்பித்தால் தூங்கும்வரை டக், டக். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அது தலைவலி. டார்லாவோ அந்தச் சத்தம் கேட்காவிட்டால்தான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவருவாள்.

பத்து மணிக்கு மையத்தில் பரிசோதனை. ஏரிக்கரையில் உள்ள இந்த ஊரில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கென்று இருப்பது அந்த ஒரே மையம்தான். மொத்தம் எட்டு இடம். ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போனதால் ஓர் இடம் காலியாகி இருந்தது. ஏழு வயது முடிந்துவிட்டால் சேர்க்க மாட்டார்கள். ஐனோவுக்கு மார்ச்சில் ஏழு முடிகிறது. இப்போது நவம்பர். அடுத்த இடம் எப்போது காலியாகும் என்று போன மாதம் டார்லா கேட்டதற்கு, தொலைபேசியில் இருந்த பெண், "அத எப்படிங்க சொல்றது?" என்றாள். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இரண்டு வருஷத்தில் டார்லா கூப்பிட்ட இடங்கள் எல்லாம் அதில் இருந்தன. பேச்சுப் பயிற்சிக்கு ஒருத்தி இருந்தாள், கல்யாணம் ஆகித் தெற்கே போய்விட்டாள். தேவாலயத்தின் நிலவறையில் சனிக்கிழமை விளையாட்டுக் குழு ஒன்று நடந்தது, நடத்த ஆள் இல்லாமல் நின்றுபோனது. மேற்கே ஒரு நல்ல பள்ளி உண்டு, கார் ஓட்டிப் போனால் எட்டு மணி நேரம். மற்றவை எல்லாம் பட்டியல்கள். இந்தப் பட்டியலில் பெயர் ஏற வேண்டுமானால் அந்தப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்கிற பட்டியல்கள். தெருமுனையில் இருக்கும் அரசுப் பள்ளி ஐனோவைச் சேர்த்துக்கொண்டது உண்மைதான். செப்டம்பரில் முழு நாள், அக்டோபரில் அரை நாள், இப்போது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்திலும் பாதியில் கூப்பிட்டு, "இன்னைக்கு அவளுக்கு மனசு சரியில்ல போலிருக்கு, வந்து கூட்டிட்டுப் போயிடுறீங்களா?" என்பார்கள். கூட்டிப் போக வேண்டிய டார்லாவோ ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும் பேருந்தை ஓட்டிக்கொண்டிருப்பாள். இதை நினைத்தால் அவளுக்குச் சில நாள் சிரிப்பு வரும். பல நாள் வராது.

போன வருஷமும் இதே மையத்தில் ஓர் இடம் காலியாகியிருந்தது. அப்போது டார்லா செய்த தப்பை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள். பெண் பார்க்க ஆள் வருகிற வீட்டில் செய்வது மாதிரி பிள்ளையைத் தயார் செய்தாள். இரட்டைப் பின்னல் போட்டாள். புதுச் சட்டை மாட்டினாள். இரைச்சல் தாங்காத காதுக்குக் காதுமூடி, கையில் பூட்டு, பையில் உப்பு பிஸ்கட். படிவத்தில் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் எது நல்லதோ அதைத் தேடி எழுதினாள். தானாகச் சாப்பிடுவாளா? பெரும்பாலும். தூங்குவாளா? இப்போது பரவாயில்லை. ஒரே ஒரு கேள்விக்குத்தான் அவளால் மழுப்ப முடியவில்லை. கோட்டின் ஜிப்பைத் தானாக இழுத்து மூடுவாளா? இல்லை. மற்றபடி ஐனோ தங்கக்கட்டி. நாற்பது நிமிஷமும் மூலையில் உட்கார்ந்து டக் டக் என்று இருந்தாள். மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. வீட்டிலேயே நல்ல ஆதரவு இருப்பதால் தங்கள் குழந்தைக்கு இப்போதைக்கு இடம் அவசியமில்லை.

"நல்ல ஆதரவாம்!" என்று லோர்னா அப்போது வாய்விட்டுச் சிரித்தாள். லோர்னாவின் மகன் மையத்தில் சேர்ந்த அந்த எட்டுப் பேரில் ஒருவன். போன வாரம் ஐஸ் ஹாக்கி மைதானத்து வாசலில் டார்லாவைப் பிடித்து நிறுத்தி, கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போல மறுபடியும் சொன்னாள்.

"நீ இப்பவும் போய் எம் பொண்ணு சமர்த்துன்னு சொல்லிட்டு நிக்காத. அவங்களுக்கு சமர்த்துப் புள்ள வேணாம்டி. எவ மோசமா இருக்காளோ அவளுக்குத்தான் இடம். தல வாராத. காதுமூடி எடுத்துட்டுப் போகாத. அவ கடிச்ச தழும்பு உன் கையில இருக்கே, முழுக்கையைச் சுருட்டி விட்டுட்டுப் போய் உக்காரு."

"பெத்த புள்ளயப் பத்தி அவ முன்னாடியே எப்படி லோர்னா..."

"நான் சொன்னேன். எம் பையன் பக்கத்துல உக்காந்திருந்தான். அவனுக்குப் பேச்சு வராதுதான், காது நல்லாக் கேக்கும். சொல்லிட்டு வெளிய வந்து கார்ல உக்காந்து வாந்தி எடுத்தேன். ஆனா இப்போ அவன் தண்ணி வேணும்னா படத்தக் காட்டிக் கேக்குறான். எது வேணும் உனக்கு?"

எது வேணும் என்பதில் டார்லாவுக்குச் சந்தேகமே இல்லை. கணவன் எய்ரோ மரம் வெட்டும் முகாமில் இருந்தான். பதினைந்து நாளுக்கு ஒரு தரம் வருவான். தொலைபேசியில், "நீ என்ன பண்ணுவியோ பண்ணு, இடம் வாங்கிடு" என்றான். அவனுக்கென்ன, சொல்லிவிட்டான்.

பேருந்தின் காலை நடையை முடித்துக் கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்ட பிறகு டார்லா பேருந்தை நேராக மையத்துக்கு ஓட்டினாள். அப்படி ஓட்டக் கூடாது. ஐனோவை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஊர் சுற்றவும் கூடாது. பணிமனை மேலாளர் இரண்டையும் கண்டும் காணாமல் இருந்தார். பேருந்து ஓடும்போது ஐனோ அழுததே கிடையாது. மேலே இருக்கும் பெரிய கண்ணாடியில் டார்லா அவளைப் பார்ப்பாள். அவள் டார்லாவைப் பார்க்கமாட்டாள், வெளியே பனியைப் பார்ப்பாள். இன்றைக்குக் காதுமூடியை வீட்டிலேயே விட்டாயிற்று. பூட்டையும் விட்டுவிடத்தான் நினைத்தாள், ஆனால் கதவு வரைக்கும் போய் மனசு வரவில்லை.

பரிசோதிக்க வந்தவள் ஜினெட் பெலாங்கர் என்ற ஐம்பது வயதுப் பெண். போன வருஷம் வந்தவள் இல்லை. நரைத்த தலை, தேய்ந்த காலணி, மடியில் தாள் செருகிய அட்டை. அறையில் ஒரு கம்பளம், சில பொம்மைகள், சூடேற்றும் பழைய இரும்புக் குழாய். அந்தக் குழாய் பேருந்து எஞ்சின் மாதிரி சன்னமாக முனகிக்கொண்டிருந்தது. அதுதான் கெடுத்தது. ஐனோ உள்ளே நுழைந்தவுடன் அந்த முனகலைக் கேட்டாள், நேராகப் போய் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், பேருந்தில் உட்கார்ந்திருப்பது போலவே தோளைத் தளர்த்திக்கொண்டாள். டக், டக். டக், டக்.

"நல்லா அமைதியா இருக்காளே" என்றாள் ஜினெட்.

"இல்லைங்க, இப்படி இருக்கவே மாட்டா" என்றாள் டார்லா அவசரமாக. பிறகு லோர்னா சொல்லிக் கொடுத்ததையெல்லாம் சொன்னாள். சுவரில் மலத்தைத் தேய்த்தது. பக்கத்து வீட்டுக்காரரின் நாயைக் கடித்தது. போன ஜனவரியில் வெறுங்காலோடு பனியில் ஓடிப்போய் ஏரி வரைக்கும் போனது. எல்லாம் நடந்ததுதான், ஒன்றும் பொய்யில்லை. சொல்லும்போது அவள் மகள் பக்கம் திரும்பவில்லை. டக் சத்தம் ஒரு கணம் நின்றதா, இல்லை அவளுக்கு அப்படித் தோன்றியதா தெரியவில்லை. பிறகு மறுபடியும் கேட்டது.

ஜினெட் தலையை ஆட்டினாள். "நீங்க சொல்றத நான் நம்புறேங்க. ஆனா நான் பாக்குறதத்தான் எழுத முடியும். மேல இருக்கிறவங்க அதைத்தான் கேக்குறாங்க." கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. பாக்கலாம்."

பத்து நிமிஷம். மகள் ஒரு கூச்சல் போட மாட்டாளா என்று கோவிலில் வரம் கேட்பவளைப் போலக் காத்திருக்கும் தாய் உலகத்தில் வேறு யாராவது இருப்பாளா என்று டார்லா நினைத்தாள். எட்டு நிமிஷம். பேனா காகிதத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அமைதி என்ற வார்த்தையை எழுதுகிறாள் என்று தலைகீழாகவே படிக்க முடிந்தது. மார்ச்சுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. எட்டு வயதிலும் இந்தப் பேருந்து, பன்னிரண்டிலும் இந்தப் பேருந்து, டார்லாவின் கண் மங்கி உரிமத்தைப் பிடுங்கும் நாளிலும் பின்னால் உட்கார்ந்து டக், டக்.

அவள் எழுந்துபோய் மகளுக்கு முன்னால் மண்டியிட்டாள். உள்ளங்கையை நீட்டினாள்.

"குடுடா தங்கம்."

இது அவர்களுடைய விளையாட்டு. டார்லா ஒரு துண்டுப் பிரசுரத்தைப் படித்துவிட்டு, தானாகவே சமையலறை மேசையில் வைத்துச் சொல்லிக் கொடுத்தது. கையை நீட்டினால் கொடுக்க வேண்டும். அம்மா மூன்று எண்ணுவாள். எண்ணி முடித்ததும் திருப்பிக் கொடுப்பாள். ஏழு மாதம் பிடித்தது. முதலில் பட்டாணி, பிறகு கரண்டி, கடைசியில் பூட்டு. ஐனோ பூட்டை முதன்முதலாக அம்மாவின் கையில் வைத்த அன்று டார்லா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். ஐனோ இந்த உலகத்தில் ஓர் ஆளை நம்பக் கற்றுக்கொண்டாள் என்றால் அது இப்படித்தான், மூன்று எண்ணும் நேரத்துக்கு.

ஐனோ உள்ளங்கையைப் பார்த்தாள். பூட்டை அதில் வைத்தாள்.

"ஒண்ணு" என்றாள் டார்லா. "ரெண்டு. மூணு."

பூட்டைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

ஐனோ காத்திருந்தாள். முதலில் வெறும் காத்திருப்புதான். அம்மா எண்ணுவதில் ஏதோ தப்பு விட்டுவிட்டாள், திரும்ப எண்ணுவாள் என்பது போல. கையை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். பிறகு அம்மாவின் பையைப் பார்த்தாள். பிறகு, எப்போதும் பார்க்காதவள், அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். டார்லா தரையைப் பார்த்தாள்.

அலறல் வந்தபோது அறைக்கு வெளியே யாரோ ஓடிவரும் காலடி கேட்டது. ஐனோ நெற்றியைத் தரையில் மோதினாள், கம்பளம் இல்லாத இடமாகப் பார்த்து மோதினாள். மணிக்கட்டைக் கடித்தாள். கால்சட்டை நனைந்தது. டார்லா பைக்குள் பூட்டை இறுக்கிப் பிடித்தபடி ஜினெட்டின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா நின்றால் கொடுத்துவிடலாம். எழுது, எழுதித் தொலை, எழுதி முடி. பேனா நிற்கவில்லை. ஒரு பக்கம் முடிந்து தாளைத் திருப்பினாள். சுவர்க் கடிகாரத்தின்படி நான்கு நிமிஷம்தான் ஆகியிருந்தது. பேனாவை மூடும் சத்தம் கேட்டதும் டார்லா விழுந்தடித்துக்கொண்டு போய் மகளின் விரல்களைப் பிரித்துப் பூட்டைத் திணித்தாள். அது ஒரு தரம் கீழே விழுந்தது. இரண்டாம் தரம் கையில் நின்றது.

ஐனோ அடங்க இன்னும் அரைமணி நேரம் ஆனது. ஜினெட் தானே ஈரத்துணி கொண்டுவந்தாள், ஓர் உலர்ந்த கால்சட்டையும் எங்கிருந்தோ கொண்டுவந்தாள். வாசல் வரைக்கும் கூடவே வந்தாள்.

"வெள்ளிக்கிழமை கூப்புடுறேன். நான் பாத்தத வெச்சுச் சொன்னா, அவளுக்குத்தான் கெடைக்கும்னு நெனைக்கிறேன்" என்றாள். கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். "கேட்டா குடுக்குறாளே, அது யாரு சொல்லிக் குடுத்தது?"

"நான்தாங்க."

"இங்க சேந்தா மொத வருஷம் பூரா அதைத்தான் சொல்லிக் குடுப்போம்" என்றாள் ஜினெட். அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் டார்லாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பிற்பகல் நடைக்கு முன்னால் பேருந்தைப் பள்ளி வாசலில் நிறுத்தினாள். முன்னாலும் பின்னாலும் மஞ்சள் பேருந்துகள் வரிசையாக நின்றன. மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. பேருந்தின் சூடேற்றி முனகியது. ஐனோ தன் இடத்தில் இருந்தாள். நெற்றியில் ஒரு புடைப்பு சிவந்திருந்தது. மையத்திலிருந்து கிளம்பியது முதல் ஒரு டக் சத்தம்கூட வரவில்லை. லோர்னாவைக் கூப்பிட்டு, கிடைத்துவிடும் போலிருக்கிறது என்று சொல்ல வேண்டும். எய்ரோவுக்குச் சொல்ல வேண்டும். டார்லா தொலைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

இருக்கையில் பாதி திரும்பி, தடுப்புக்கு மேலாகக் கையைப் பின்னால் நீட்டினாள்.

"குடுடா. அம்மா உடனே தந்துடுறேன். மூணே மூணுதான். சத்தியமா."

கண்ணாடியில் பார்த்தாள். அம்மா நீட்டிய உள்ளங்கையை ஐனோ பார்த்தாள். பிறகு பூட்டைக் கோட்டுக்குள், நெஞ்சோடு சேர்த்து வைத்தாள். குனிந்து ஜிப்பின் இரண்டு முனைகளையும் தேடிப் பிடித்தாள். ஒரு தரம் நழுவியது. நாக்கை உதட்டோரம் நீட்டிக்கொண்டு மறுபடி செருகினாள். இழுத்தாள். வயிறு, நெஞ்சு, கழுத்து, தாடை வரைக்கும் இழுத்து மூடிவிட்டு, மேலே இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் பனியில் ஓடிவந்து கதவைத் தட்டினார்கள். டார்லாவின் கை தடுப்பின் மேல் நீட்டியபடியே இருந்தது.