ஆறாவது ராக்கெட்டும் மொட்டைமாடிக் கதவும்

ராக்கெட் விடும் இரவென்றால் நாத்தனார், கொழுந்தன், கணவனின் நண்பர்கள் என்று பதினைந்து பேர் அவள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். டிவியில் கவுன்ட்டவுன் பார்த்துவிட்டுக் கடைசி நிமிடத்தில் மொட்டைமாடிக்கு ஓடுவார்கள். "டீயை மேல கொண்டாந்துடு" என்று போகிறபோக்கில் ஓர் உத்தரவு வேறு. அவள் தட்டோடு மூச்சிரைக்கப் படியேறி வருவதற்குள், ராக்கெட் புகை வானத்தில் விரித்த ஒளிமேகம் கலைந்திருக்கும். ஐந்து ராக்கெட்டும் இப்படித்தான் போயின.

"அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? போட்டோ எடுத்து வச்சிருக்கேன், அப்புறமா பாத்துக்க" என்பான் கணவன். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆறாவது ராக்கெட்டுக்கு மூன்று நிமிடம் இருந்தது.

"அண்ணி, டீ ஆச்சா?" என்று நாத்தனார் கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

அவள் அடுப்பை அணைத்தாள். மொட்டைமாடிக்குப் போய், கதவை மாடிப் பக்கமிருந்து தாழ் போட்டாள்.

வானத்தில் மயில்கழுத்து நிறத்தில் மேகம் விரிந்தபோது, கதவை உடைக்காத குறையாகத் தட்டினார்கள்.

"என்னடி விளையாட்டு இது? கதவத் தெற!" என்று கணவன் கத்தினான்.

"எதுக்கு இந்தக் குதி குதிக்கிறீங்க? போட்டோ எடுத்து வைக்கிறேன், அப்புறமா பாத்துக்கங்க!"

அவள் செல்போன் கீழே, ஆறிப்போன டீச்சட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது.