கம்பி மாட்டிய கோழிகள்

காலையில் கூண்டைத் திறந்த வெல்டர் குஞ்சுகளை எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணினால் எரிச்சல்தான் மிஞ்சும். போன வாரம் பொரித்த பதினாறில் ஐந்துக்குக் கால் அகட்டிக்கொண்டது, இரண்டுக்கு அலகு கோணல். டேப் ஒட்டி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் புகட்டி, அவனுக்கு முதுகு விட்டுப்போயிருந்தது.

அடுத்த ஈட்டு முட்டை தட்டில் இருந்தது. இன்று இன்குபேட்டரில் வைத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் பொரிக்காது. ஆறு வருடமாக அவனே சேர்த்துக் கொண்டுவந்த சாம்பல் நிற வர்க்கம். நிறுத்தினால் அதோடு சரி, வேறெங்கும் கிடைக்காது.

டீ குடிக்க வந்திருந்த மனைவியின் அண்ணன் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, கோழி வளக்கறீங்களா, ஆஸ்பத்திரி நடத்தறீங்களா?"

"காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க மச்சான்."

"பெரிய கோழிங்களுக்கெல்லாம் கால்ல எதுக்குக் கம்பி?"

"முட்டைய உடைச்சு வெளிய வர முடியாம கிடந்ததுங்க. நான்தான் ஓட்டை உரிச்சு எடுத்தேன். அடையாளத்துக்குப் போட்டது."

"எல்லாத்துக்கும் போட்டிருக்கே! அப்ப தானா வந்ததெல்லாம் எங்க?"

வெல்டர் கூண்டிலிருந்த கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். தானாக வந்த குஞ்சு துறுதுறுவென்று இருக்கும். வாங்க வருகிறவர்கள் அதைத்தான் கைகாட்டுவார்கள். யாரும் சீந்தாதது மிஞ்சும். மிஞ்சியதை வைத்துத்தான் ஆறு வருடமும் அடுத்த ஈடு.

"நல்லதா பாத்து வித்துட்டு, நோஞ்சானுக்கும் நோஞ்சானுக்கும் கல்யாணம் பண்ணி வெச்சிருக்கீங்க. உங்களை நம்பி என் தங்கச்சியைக் குடுத்தோம் பாருங்க."

"கேட்டாங்க, குடுத்தேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் எடுத்துட்டுப் போன ரெண்டும் கம்பி இல்லாததுதான். பெட்டைங்க. திருப்பித் தரட்டுமா? மறுபடி ஆரம்பிங்க."

வெல்டர் கணக்குப் போட்டான். வேறு சேவல் தேடி, இந்த நிறம் திரும்பி வர இன்னொரு ஆறு வருடம். அதற்குள் அவனுக்கு அறுபது தாண்டிவிடும்.

"வேணாம் மச்சான்."

தட்டைக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்தான். மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"இத்தனையும் யாரு திங்கறது?"

"தின்னு தீக்கலாம். இனிமே வைக்கறதில்ல."

அவள் பெரிய சட்டியை எடுத்தாள்.

பெட்டைகள் முட்டை போட்டுக்கொண்டு இருக்கட்டும். சேவல் இருந்தால் ஒருநாள் கை அரிக்கும், மறுபடி வைத்துவிடுவான். அவனுக்கு அவனைத் தெரியும். வெளியே வந்து கூண்டுக்குள் கை நீட்டினான். சேவல் ஓடவில்லை. அந்தக் கை வந்தால் தீனி என்று பழகியது, தானாகவே வந்து ஏறியது.

"காலைப் புடிங்க மச்சான்."

"ஐயோ, என்னால ஆகாது."

ஆஸ்பத்திரி என்று கிண்டலடித்தவர் தெருப்பக்கம் நடந்துவிட்டார். வெல்டர் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கத்தியைத் தீட்டக் கல் தேடினான்.