முதுகில் மருதாணி

கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யலாம், இதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொன்னதில்லை.

சூலியா தெருவில் நாசி கண்டார் என்கிற குழம்புச் சோறு விற்ற ஹபீப் முகம்மதுவின் முதுகு முழுக்க மச்சம், எள்ளைக் கொட்டியதுபோல. அதில் வலப்பக்கத்து மச்சம் ராசியானது என்று நம்பினார். மழை நாளிலும் கடையில் கூட்டம் நிற்பது அதனால்தானாம். கெட்டுப்போனதோ அதை ஒட்டியிருந்த மச்சம். டாக்டர் முத்துவீரப்பன் அதில் துளி கிள்ளிச் சோதித்து, "தோல்ல புத்துநோய்ண்ணே. அடுத்த மாசம் வாங்க, வேரோட எடுத்துடலாம்" என்றார்.

அதற்குள் கிள்ளிய இடம் ஆறிவிடுமே, பிறகு எது எதுவென்று யாருக்குத் தெரியும்? ராசியை வெட்டிப் புற்றை விட்டுவைத்தால் கடையும் போகும், உயிரும் போகும். ஊருக்கே சோறு போட்டவருக்குச் சோறு இறங்கவில்லை.

மனைவி நூர் பீவி அன்றே மருதாணி அரைத்து, கிள்ளிய மச்சத்தைச் சுற்றி வளையம் போட்டாள். வெள்ளிதோறும் அதன்மேலேயே இன்னொரு பூச்சு.

அறுவைக்கு முந்தின நாள் சிம்பாங் அம்பாட்டிலிருந்து அவருடைய அக்கா ஆயிஷா வந்தாள். தம்பி குப்புறத் தூங்கிக்கொண்டிருந்தார். கிண்ணத்தில் மருதாணி மிச்சமிருந்தது. ஏதோ மருந்து என்று நினைத்து, எல்லா மச்சத்துக்கும் வளையம் போட்டுவிட்டாள்.

மறுநாள் மேசையில் குப்புறக் கிடந்த ஹபீபுக்குத் தரை மட்டுமே தெரிந்தது. டாக்டர் கத்தியைத் தட்டில் திருப்பி வைக்கும் ஓசை கேட்டது.

"அண்ணே, கல்யாணப் பொண்ணு கைகூட இப்படி இருக்காது. இதுல நான் எதை வெட்ட?"

பெண்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

"ஒண்ணுக்கு மட்டும் பூசினா மத்ததெல்லாம் ஏங்கிப்போகும் லா" என்றாள் அக்கா.

"மதினி, இனிமே நீங்க பெருநாளைக்கு மட்டும் வாங்க." நூர் பீவி குனிந்து பார்த்தாள். "நேத்துப் போட்டதெல்லாம் இன்னும் காவியா நிக்குது. என்னோடது காப்பிக்கொட்டை நிறம். இந்தா, இதுதான்."

டாக்டர் அதோடு விடவில்லை. ஹபீபை உட்காரவைத்து, முன்னும் பின்னும் கண்ணாடி பிடித்துக் காட்டினார்.

"நீங்களும் பார்த்துச் சொல்லுங்க."

"அதேதான் டாக்டர். பக்கத்துல இருக்கிறவர் மேல கை பட்டுடப் போகுது. கடைக்கு அவர்தான் முதலாளி."

எல்லார் விரலும் ஒரே இடத்தைக் காட்டிய பிறகே கத்தி எழுந்தது.

புற்று போனது. ராசி தங்கியது. தையல் பிரித்த அன்று கடை வரிசை துறைமுகம்வரை நீண்டு, கப்பலேற வந்தவர்கள் அதுதான் டிக்கெட் வரிசை என்று நின்று, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ஊர்ப் பயணத்தையே மறந்து வீடு திரும்பினார்கள். டாக்டரும் அதன்பின் மருதாணி இல்லாமல் கத்தியைத் தொட்டதில்லை. குடலிறக்கத்துக்கு வந்த தோட்டத்துத் துரை ஒருவர் வயிற்றில் மயிலோடு சீமைக்குப் போனார்.

ஹபீப் முகம்மது கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை; அப்படியானால் நூர் பீவி யார் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், சத்தியம் செய்தாயிற்று.