பதினெட்டு கிராம்

பாலத்தின் ஏற்றத்தில் குடையை ஊன்றி நடந்துபோன கிழவர் ஒருவர் அவளுடைய ஸ்கூட்டரை முந்திக்கொண்டு போனார். வெளியே சொன்னால் யாராவது நம்புவார்களா? ஆக்சிலேட்டரை இதற்குமேல் முறுக்க இடமில்லை. வண்டியோ வயிற்றுவலிக்காரன் மாதிரி முனகியதே தவிர நகர மாட்டேன் என்றது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவேயில்லை. காலுக்கிடையில் ஐஸ் பெட்டி. அதற்குள் காலையிலிருந்து வெறும் வயிற்றோடு காத்திருந்து கையை நீட்டிய பதினோரு பேரின் ரத்தம். "ஏத்திட்டே போயேன்டா!" என்று வாய்விட்டுக் கத்தினாள். லாரி அவள் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி உரசுகிற மாதிரிப் போனபோதுதான் வாயை மூடினாள்.

பரிசோதனைக் கூடத்துப் பொறுப்பாளரம்மா கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். "இன்னொரு நாள் லேட்டானா உன்னை உள்ள கம்ப்யூட்டர்ல உட்கார வச்சுடுவேன். வெளிவேலைக்கு வேற ஆள் பாத்துக்கறேன்." அவள் தலையாட்டினாள். எட்டு வருஷமாக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவள். ஊசி போட்டதே தெரியவில்லை என்று கிழங்கள்கூட அவளைத்தான் கேட்டு வரவழைக்கும். அந்தக் காலை நேரத்துத் தெருக்களை விட்டுவிட்டு ஏசி அறையில் பெயர் தட்டிக்கொண்டிருப்பதை நினைத்தாலே அழுகை வந்தது.

அவளுக்குப் புரியாதது ஒன்றே ஒன்றுதான். அவள் புருஷனுக்கு ஊரில் 'பிக்கப் அண்ணன்' என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் ரேஷன் அட்டைக்கே மறந்திருக்கும். செத்த ஸ்கூட்டரைக் கொண்டுவந்து விட்டால் மறுநாள் அம்பு மாதிரி பாயவைத்து அனுப்புகிற கை. வண்டி வாங்கின கையோடு நேரே அவன் பட்டறைக்கு வருகிறவர்கள் உண்டு. வாத்தியார் பிள்ளைக்குப் படிப்பு வராது என்பார்களே, அது மெக்கானிக் பெண்டாட்டிக்கும் பொருந்தும்போல. நாலு மாதத்தில் மூன்று தடவை அவனிடம் சொல்லிவிட்டாள். மூன்று தடவையும் அவன் மறுபேச்சில்லாமல் பிரித்துப் பூட்டி, "ரோலர் மாத்தியிருக்கேன், ஓட்டிப் பாரு" என்றான். மூன்று தடவையும் வண்டி முன்னைவிட மந்தமானது. கேட்டால், "போகப் போக சரியாயிடும்." அவன் பேச்சே குறைந்துவிட்டிருந்தது. கண்ணாடிக் கடைக்காரர் சிக்னலில் பஸ்ஸில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்தே அப்படித்தான். நல்ல வாடிக்கைக்காரர், பழகின மனுஷர், துக்கம் இருக்காதா என்று அவளும் விட்டுவிட்டாள்.

அன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போகவில்லை. ஊரின் மறுகோடியில், யார் என்ன என்று தெரியாத ஒரு பட்டறையில் வண்டியை நிறுத்தினாள். கட்டின புருஷன் மெக்கானிக்காக இருக்கும்போது இன்னொருவனிடம் வண்டியைக் காட்டுவது ஏதோ களவு செய்கிற மாதிரி இருந்தது. அந்த மெக்கானிக் இடதுபக்க மூடியைக் கழற்றி, பெல்ட் ஓடும் சக்கரத்தைப் பிரித்து, உள்ளேயிருந்த ஆறு ரோலர்களையும் துணியில் கொட்டினான். கட்டைவிரல் நுனி அளவு குட்டி உருளைகள். ஒவ்வொன்றாக எடுத்துச் சின்னத் தராசில் வைத்துப் பார்த்தவன் புருவத்தைத் தூக்கினான்.

"அக்கா, இது பதினெட்டு கிராம். கம்பெனியில வர்றது பதினஞ்சு. பிக்கப் வேணும்னா பதிமூணு போடணும். வெயிட் ஏற ஏற வண்டி தூங்கும். இந்த மேதாவி வேலையை யாரு பண்ணினது?"

"தப்பாப் போட்டுட்டாங்களா?"

"தப்பா? ஆறும் ஒரே எடை, உள்ள துடைச்சு வச்ச மாதிரி சுத்தம். தெரிஞ்சவன் வேலைக்கா. வேணும்னே பண்ணியிருக்கான்." பதிமூன்று கிராம் ரோலர்களை உள்ளே வைத்துக்கொண்டே சொன்னான்: "இதுல ஏதாவது சந்தேகம்னா அந்தப் பக்கம் பிக்கப் அண்ணன்னு ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட போங்க. கைராசிக்காரர்."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. திரும்பும்போது வண்டி பறந்தது. வேகமாகப் போகப் போகக் கோபமும் ஏறியது, கூடவே இன்னொன்றும் ஏறியது. அதற்கு என்ன பேர் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தவனின் தட்டுக்குப் பக்கத்தில் ஆறு உருளைகளையும் வரிசையாக வைத்தாள். அவன் ஒரு பார்வைதான் பார்த்தான்.

"எவன் பிரிச்சான்?"

"எவனோ. சந்தேகம்னா உங்ககிட்ட வரச் சொன்னான்."

அவன் சோற்றைப் பிசைந்தான். "பச்சை விழுந்ததும் முத ஆளாப் பாய்வே. உன் புத்தி எனக்குத் தெரியாதா? கண்ணாடிக் கடைக்காரரும் அப்படித்தான். நான் போட்ட ரோலர்தான் அவரை அந்த பஸ்ஸுக்கு முன்னாடி கொண்டுபோய் நிறுத்துச்சு."

"நேத்துகூட ரெண்டு வண்டிக்கு பிக்கப் ஏத்திக் கொடுத்தீங்களே!"

"அது தொழிலு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? பாலத்து மேட்டுல வண்டி நின்னு, லாரிக்காரன் என்னை உரசிட்டுப் போறான்."

பிசைந்த கை நின்றது. "எந்தப் பாலம்? நீ ரயில்வே கேட் வழியாத்தானே போவே?"

"அந்தக் கேட்டை மூடி அஞ்சு மாசமாச்சு."

அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. பாவப்படவும் எரிச்சலாக இருந்தது. பாசத்தில் செய்தானா, கெடுக்கத் துணிந்தானா? இரண்டும் ஒரே கையால் செய்ததுதானே. ரசத்தை எடுத்து ஊற்றினாள்.

மறுநாள் விடியற்காலையில் வாசல் பட்டறையில் நட்டு கழற்றும் மெஷின் 'டுர்ர்' என்று இரண்டு தடவை சத்தம் போட்டது. எழுந்து வந்து பார்த்தபோது மேஜைமேல் பதினெட்டு கிராம் ரோலர்கள் மூன்றுதான் இருந்தன. ஆறில் மூன்று. அவளுக்கு விளங்கிவிட்டது: கனம் ஒன்று, லேசு ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கியிருக்கிறான். அவன் ஐஸ் பெட்டியை வண்டியில் ஏற்றி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, "பாத்துப் போ" என்றான். அவள் சாவியை எடுத்துக்கொண்டாள். சண்டை போட வாய் வரவில்லை, சமாதானமாகவும் மனசு வரவில்லை.

பாலத்தில் வண்டி பாயவுமில்லை, முனகவுமில்லை. ஒரு மாதிரியாக ஏறியது. பின்னால் லாரி வந்தது, ஹாரன் அடிக்கவில்லை. கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே உச்சிக்கு வந்துவிட்டாள். மணியைப் பார்த்தால் நாலு நிமிஷம் மிச்சம்.

பொறுப்பாளரம்மா ஐஸ் பெட்டியைத் திறந்து குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டியிருந்த பெயர்களைச் சரிபார்த்தாள். அடியில் கை விட்டவள், பஞ்சில் சுற்றிய ஒரு பொட்டலத்தை வெளியே எடுத்துப் பிரித்தாள். மூன்று உருளைகள், லேசானவை, அவன் காலையில் கழற்றிய பதிமூன்று கிராம். துடைத்து, பனியில் சில்லிட்டு இருந்தன.

"இது யாரோட சாம்பிள்?" என்று கேட்டாள். "பேரே எழுதலையே."

அவள் கையை நீட்டி அவற்றை வாங்கிக்கொண்டாள்.