மேட்னி ஷோவில் கொம்பனித் தெரு

முதல் வாரம் உப்புக் கிட்டங்கி போனது. இரண்டாம் வாரம் தோணித்துறை. மூன்றாம் வாரம் சுமைதூக்குவோர் சங்கத்தின் மாடிப்படி மட்டும் போனது. தோழர்கள் ஏணி வைத்து ஏறிக் கூட்டம் நடத்தினார்கள்.

எல்லாம் மேட்னி ஷோவில்தான். டாக்கீஸில் ஓடும் பழைய இங்கிலீஷ் ரவுடிப் படத்தில், கோட்டுப் போட்ட லண்டன் தாதா ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போடுவான். போட்டதும் ஊரில் ஓர் இடம் குறையும். இந்த வாரம் கொம்பனித் தெரு என்று போஸ்டரிலேயே அச்சடித்திருந்தார்கள்.

நாற்பத்திரண்டு வீடுகள். அவற்றில் ஒன்று சந்தியாகுவுடையது. முப்பது வருஷம் சங்கச் செயலாளர், பதினொரு முறை சிறை. டிக்கெட் வாங்கி முன்பெஞ்சில் உட்கார்ந்தார்.

திரையில் தாதாவின் படகில் கவுன்சிலரும் போலீஸ் அதிகாரியும் மீன் தின்றுகொண்டிருந்தார்கள். தாதா வளர்ச்சியைப் பற்றிப் பேசினான். இதே பேச்சை வேட்டி கட்டியவர்கள் பேசி சந்தியாகு கேட்டிருக்கிறார். தாதா பேனாவைத் திறந்தான்.

"நிறுத்துடா," என்று எழுந்தார் சந்தியாகு.

நிறுத்தினான். "அண்ணாச்சி, நான் வெறும் சாட்சிக் கையெழுத்து. வித்தவரு கீழே போட்டிருக்காரு, பாருங்க." பத்திரத்தைத் திரைக்கு வெளியே நீட்டினான்.

தாள் சந்தியாகுவுக்குத் தெரிந்ததுதான். கீழே அவர் கையெழுத்து; மேலே எழுதியிருந்த பத்திரம் மட்டும் புதிது. எந்த நேரமும் கைதாகலாம் என்பதால், அவசர மனுவுக்கு ஆகட்டும் என்று செயலாளர் வெற்றுத்தாள்களில் கையெழுத்திட்டு பீரோவில் வைத்துப்போவது சங்கத்து வழக்கம். நூறு தாள் வைத்துப்போனார். திரும்பி வந்து எண்ணிப் பார்த்ததில்லை.

சங்க விதி எளிது. விற்றவன் பெயரை ஐந்து சாட்சிகள் முன் உரக்க வாசித்தால் பத்திரம் செல்லாது. வாசிக்கப்பட்ட பெயரை அதன்பின் ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள், பெற்ற பிள்ளைகள்கூட. பெயர் மாற்றி வாசித்தால் தெரு போய்விடும்.

"என் பேரை வாசிச்சுட்டுப் போங்க," என்றான் தாதா. "நான் எப்படியும் அஞ்சரைக்குச் சாகிறவன். தெரு போனா என்ன, உங்க பேராவது மிஞ்சும்."

சந்தியாகு கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு சாட்சிகளை எண்ணினார். ஆபரேட்டர் மஸ்தான், டிக்கெட் கொடுக்கிற பாக்கியம், சோடாக்காரர். மூன்று பேர்தான்.

படத்தில் இடைவேளைக்கு முன் சுடப்பட்டிருந்த இரண்டு துறைமுகத் தொழிலாளிகள் எழுந்து, கோட்டில் மண்ணைத் தட்டிவிட்டு, திரையின் ஓரத்துக்கு வந்து நின்றார்கள். ஒருவன் தொப்பியைக் கழற்றினான்.

சந்தியாகு தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வாசித்தார்:

"ம. சந்தியாகு, செயலாளர்."